மூட்டு ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை: விறைத்து நடக்கும் ஜம்பிங் குதிரை

கேள்வி: எங்களிடம் இருப்பது பதினொரு வயதுத் தரோபிரெட், காயடித்த செவலை. நாலரை வயது வரை பந்தயத்தில் ஓடியது. இரண்டு வருடமாக என் மகள் (வயது 15) அதில் ஜம்பிங் செய்கிறாள். இப்போது ஒரு மீட்டர் உயரம். இரண்டு மாதமாக, லாயத்திலிருந்து வெளியே எடுத்ததும் முதல் பத்து நிமிடம் விறைப்பாக நடக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. வலது முன்கால் பெட்லாக் மூட்டில் (குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டு) லேசான உப்பல். முன்பு தொடாமல் தாண்டிய கம்பிகளை இப்போது தட்டுகிறது. மூட்டில் ஊசி போட்டால் ஒரே வாரத்தில் சரியாகும் என்கிறார் கோச். போட்டியன்று காலையில் எங்கள் சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) பியூட் (ஃபினைல்பியூட்டசோன், வலி மருந்து) கொடுப்பது வழக்கம். குளுகோசமைன் பொடியும் யோசனையில் இருக்கிறது. தீவனம்: கோ-4 புல், தினமும் 2 கிலோ கோதுமைத் தவிடு, ஒன்றரை கிலோ கொள்ளு, கொஞ்சம் ஓட்ஸ். ஆறு வாரத்தில் போட்டி. ஊசியா, பொடியா, ஓய்வா, டாக்டர்?
— வாசகர், கோவை

பதில்:

மூன்றும் இப்போது வேண்டாம். எந்த மூட்டில் வலி, அது மூட்டு வலிதானா என்பதே இன்னும் தெரியவில்லை. அது தெரியாமல் போடும் ஊசி அதிர்ஷ்டம் இருந்தால் பலிக்கும். இல்லாவிட்டால் வலியை மறைத்துவிட்டு உள்ளே இருக்கும் கேட்டை வளர விடும். பியூட்டை இன்றே நிறுத்துங்கள். ஆறு வாரப் போட்டியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மகள் வருத்தப்படுவாள், ஆனால் இந்தக் குதிரையை இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்ட வேண்டுமென்றால் ஒரு போட்டி பெரிய விலையில்லை.

"பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது" என்பதைப் பலரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் தொடக்கத்தில் இப்படித்தான் முகம் காட்டும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. கால் மடங்கி நீளும்போதுதான் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. அழற்சி வந்த மூட்டில் சவ்வு வீங்கி, நீர் அதிகமாகச் சுரக்கிறது. ஆனால் அந்த நீரில் பிசுபிசுப்பைத் தரும் ஹயலூரானிக் அமிலம் குறைந்துவிடும்; குருத்தெலும்பை அரிக்கும் நொதிகள் கூடிவிடும். இரவு முழுக்க லாயத்தில் நின்ற குதிரைக்குக் காலையில் இந்த நீர் தேங்கி மூட்டு இறுகியிருக்கும். நடக்க நடக்க இளகும். இளகியது விறைப்புதான். உள்ளே நடக்கும் தேய்மானம் அப்படியே இருக்கிறது. ஒருமுறை தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வதுமில்லை.

பந்தயத்தில் ஓடிய குதிரை என்பதையும் கணக்கில் வையுங்கள். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்கள் சுமக்கின்றன. வேகமாக ஓடும்போதும் தடையைத் தாண்டி இறங்கும்போதும் பெட்லாக் தரையைத் தொடுமளவு கீழே அமுங்கும். பந்தயக் குதிரைகளில் அந்த மூட்டின் முன் விளிம்பில் எலும்புச் சில்லு பெயர்வதும், முன்பக்கச் சவ்வு தடித்துப்போவதும் சகஜம். பழைய சில்லு ஒன்று சத்தமில்லாமல் கிடந்து, இப்போது ஜம்பிங் சுமையில் தொல்லை தருகிறதோ என்னவோ. அப்படியென்றால் ஊசியைவிட, மூட்டுக்குள் கேமரா விட்டுச் சில்லை எடுப்பதே சரியான வைத்தியமாக இருக்கலாம்.

உப்பல் எங்கே இருக்கிறது என்று நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். குதிரை நான்கு காலிலும் சமமாக நிற்கட்டும். பெட்லாக்குக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் கைவையுங்கள். முன்னால் உருண்டையாகக் கல் போலத் தட்டுப்படுவது கேனன் எலும்பு. அதற்குப் பின்னால், கயிறு போலக் கீழிறங்கி மூட்டின் பின்புறமுள்ள குட்டி எலும்புகளில் சேர்வது, மூட்டைப் பின்னாலிருந்து தாங்கும் சஸ்பென்சரி லிகமென்ட்டின் (தசைநார்) கிளை. அதற்கும் பின்னால் மடக்கும் தசைநாண்கள். எலும்புக்கும் சஸ்பென்சரிக் கிளைக்கும் நடுவில் மெத்தென்று உப்பியிருந்தால் அது மூட்டு நீர். கிளைக்குப் பின்னால், தசைநாணைச் சுற்றி உப்பியிருந்தால் அது தசைநாண் உறையின் நீர். மூட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை. இரண்டையும் "பெட்லாக் வீக்கம்" என்றே சொல்லிவிடுகிறார்கள், மூட்டில் ஊசி போட்டும் ஏன் குணமாகவில்லை என்றும் கேட்கிறார்கள். கிளையையே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தும்போது காலை இழுத்துக்கொண்டால், அல்லது இடது காலின் கிளையைவிட அது தடித்திருந்தால், ஸ்கேன் பார்க்கும்வரை சவாரியே வேண்டாம். மூட்டின் முன்பக்கம் கெட்டியான மேடு இருந்தால் அது சவ்வோ எலும்போ தடித்ததன் அடையாளம். நேற்று வந்ததாக இருக்காது.

அடுத்தது வீடியோ. சிமென்ட் தரையிலோ தார்ச்சாலையிலோ, சமதளத்தில் முப்பது மீட்டர் நேர்க்கோட்டில், கயிற்றைத் தளர்வாக விட்டு டிராட் (மெல்லோட்டம்) ஓட்டுங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை அசைவது தெரியாது. முன்கால் நொண்டலில், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்கால் நொண்டல் என்றால் இடுப்பெலும்பின் ஏற்ற இறக்கத்தைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். பிறகு கடினத் தரையில் இரு திசையிலும் வட்டம், அதன்பின் மணலில் இரு திசையிலும் வட்டம். பொதுவாக மூட்டு, எலும்பு, குளம்பு வலிகள் கடினத் தரையில் கூடும். தசைநாண், லிகமென்ட் வலிகள் மணலில் கூடும். விதிவிலக்கு உண்டு. பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ பத்துப் பக்கக் கடிதத்தைவிட எனக்கு உதவும். காலையில் லாயத்திலிருந்து எடுத்தவுடன் ஒன்று, இருபது நிமிடச் சவாரிக்குப் பின் ஒன்று.

இதையெல்லாம் பியூட் நிறுத்தி ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள். மருந்து உடம்பில் இருக்கும்போது எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

குதிரை பார்த்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவர் வந்ததும் முதலில் கேட்பது குளம்புச் சோதனைக் கிடுக்கியாகத்தான் இருக்க வேண்டும். முன்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்பிலிருந்தே வருகிறது. பெட்லாக்கில் உப்பல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகவே வலியும் அங்கே என்று சொல்லிவிட முடியாது. அதன்பின் மடக்கல் சோதனை. பெட்லாக்கை 30 முதல் 60 வினாடி மடக்கிப் பிடித்துவிட்டு உடனே டிராட் ஓட்டுவார். இரு காலையும் ஒரே பலத்தில், ஒரே நேரம் மடக்கினால்தான் ஒப்பிட முடியும். பலமாக மடக்கினால் நல்ல குதிரையும் நொண்டும். இதை மட்டும் வைத்து ஊசி போடுகிறவர்களும் உண்டு, அது போதாது.

வலி இருக்கும் இடத்தை உறுதி செய்வது நரம்பு மரப்பு. கீழிருந்து மேலாகப் போக வேண்டும். முதலில் குளம்பின் பின்பக்கத்துக்குப் போகும் நரம்புகளில், பக்கத்துக்கு ஒன்றரை முதல் 2 மி.லி. மெபிவக்கைன், அது கிடைக்காத இடத்தில் 2 சதவீத லிக்னோகைன். பத்து நிமிடம் பொறுத்து டிராட். நொண்டல் குறையவில்லை என்றால் அடுத்த கட்டம், பெட்லாக்குக்குச் சற்று மேலே. சந்தேகம் மூட்டின் மீதே விழுந்தால் மூட்டுக்குள்ளேயே 8 முதல் 10 மி.லி. மரப்பு மருந்து செலுத்திப் பார்க்கலாம். அதற்கு மூட்டு ஊசிக்குரிய அத்தனை சுத்தமும் வேண்டும். நொண்டல் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தால் இடம் அகப்பட்டது. எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தால் மட்டும் மரக்கச் செய்யவே கூடாது. வலி தெரியாமல் ஓடி, கீறலை முறிவாக்கிக்கொள்ளும்.

எக்ஸ்ரே பெட்லாக்குக்குக் குறைந்தது நான்கு கோணம்: பக்கவாட்டு, முன்பின், இரண்டு சாய்கோணம். மடக்கிய நிலையில் ஒரு பக்கவாட்டுப் படமும் எடுத்தால் நல்லது. இடது காலையும் எடுத்து ஒப்பிடுங்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. ஆகையால் படம் சுத்தமாக இருப்பதால் மூட்டும் சுத்தம் என்றாகாது. நேர்மாறாக, படத்தில் ஒரு எலும்புக் கூர் தெரிகிறது என்பதால் வலி அதிலிருந்துதான் வருகிறது என்றும் ஆகாது. மரப்புச் சோதனையும் படமும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். உங்கள் பக்கம் நடமாடும் எக்ஸ்ரே கிடைக்காவிட்டால் நாமக்கல் அல்லது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

இனி, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் என்னை நிறுத்தியது தீவனம்.

கோ-4 கம்பு நேப்பியர் வீரிய ஒட்டுப்புல். பால் மாட்டுக்கு அருமையான தீவனம். குதிரைக்கு அப்படியில்லை. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். உரம் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்ந்த இளம்புல்லில் இன்னும் அதிகம். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடுகின்றன. குதிரையின் குடலில் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியே போகிறது. அதன்மேல் நீங்கள் கொடுக்கும் தவிடு: ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 11 கிராம், கால்சியம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. இரண்டு கிலோவில் 22 கிராம் பாஸ்பரஸ். 460 கிலோ வாக்கில் எடையுள்ள, மிதமான வேலை செய்யும் குதிரைக்கு ஒரு நாளைக்குத் தேவை கால்சியம் 32 கிராம் வாக்கில், பாஸ்பரஸ் 19 கிராம் வாக்கில். கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது. ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. உங்கள் தொட்டியில் அது தலைகீழாக இருக்கிறது.

ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க, உடம்பு எலும்பிலிருந்து அதை உருவும். எலும்பு பஞ்சாகும், மூட்டுக்கு அடியிலுள்ள எலும்புத் தகடு பலமிழக்கும், தசைநாண் பற்றியிருக்கும் இடங்கள் வலிக்கும். இன்று வலது முன்கால், அடுத்த வாரம் இடது பின்கால் என்று நொண்டல் இடம் மாறுவது இதன் குணம். முற்றிய நிலையில் முகத்தின் இருபுறமும், கண்ணுக்குக் கீழே எலும்பு புடைக்கும், பல் ஆடும். அதுவரை காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தால் ஏமாறாதீர்கள். எலும்பைக் கரைத்துத்தான் அந்த நார்மல் வருகிறது. ஒரே நேரத்தில் ரத்தமும் சிறுநீரும் எடுத்து, பாஸ்பரஸ் எவ்வளவு வெளியேறுகிறது என்று கிரியாட்டினினோடு ஒப்பிட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள். 4 சதவீதத்துக்கு மேல் போனால் தீவனத்தில் கோளாறு இருக்கிறது.

திருத்தம் எளிது. கோ-4ஐப் பத்துப் பதினான்கு நாளில் படிப்படியாகக் குறைத்து அருகம்புல், அல்லது கிடைத்தால் ரோட்ஸ் புல் வைக்கோலுக்கு மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். கொழுக்கட்டைப்புல்லும் நேப்பியர் போன்றதே, நீலகிரிப் பக்கம் மண்டிக்கிடக்கும் கிகுயு புல்லும் அதே ரகம். பச்சைச் சோளத்தட்டு வேண்டவே வேண்டாம்; அது குதிரையின் சிறுநீர்ப்பையையும் பின்கால்களையும் பாதிக்கும் வேறு கேடு. பச்சைக் குதிரை மசால் தினம் 5 கிலோ கொடுத்தால் அதிலேயே 12 முதல் 14 கிராம் கால்சியம் வந்துவிடும். தவிட்டை அரைக் கிலோவுக்கு இறக்குங்கள். தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், ஒரு நாளைக்கு 50 கிராம் தீவனத்தில் ஈரமாகப் பிசைந்து கொடுங்கள். அதில் சுமார் 19 கிராம் கால்சியம். வெற்றிலைச் சுண்ணாம்போ வெள்ளையடிக்கும் சுண்ணாம்போ அல்ல, அது வாயைப் புண்ணாக்கும். கொள்ளு இருக்கட்டும், வேகவைத்தோ ஊறவைத்தோ.

தீவனத்தோடு எடையும் சேர்ந்தது. நெஞ்சுச் சுற்றளவைத் தோள்மேட்டுக்குப் பின்னால், சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். சுற்றளவு 183, நீளம் 163 என்றால் 459 கிலோ வரும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல் ஆனால் விரலுக்குச் சுலபமாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் ஒவ்வொரு கூடுதல் கிலோவையும் அந்த வலது பெட்லாக் தாங்கிக்கொண்டிருக்கிறது.

லாடத்தைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை. பந்தயத்திலிருந்து வரும் தரோபிரெட்களுக்கு முன்விரல் (குளம்பின் முன்முனை) நீண்டு, குதிகால் தாழ்ந்த குளம்பு மிகச் சாதாரணம். முன்விரல் நீளும்போது குளம்பு தரையைவிட்டுப் புரண்டு எழுவது தாமதமாகும். அந்த நேரமெல்லாம் குளம்பு மூட்டுக்கும் பின்புறத் தசைநாண்களுக்கும் கூடுதல் இழுவிசை. குதிரையைச் சமதரையில் நிறுத்தி, போனைத் தரையோடு வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். குளம்பின் முன்சுவர்க் கோடும் அதற்கு மேலுள்ள பாஸ்டர்ன் எலும்பின் கோடும் ஒரே நேராகப் போக வேண்டும். குளம்புக்கருகே பின்பக்கம் ஒடிந்து போனால் முன்விரல் நீளம் என்று அர்த்தம். லாடம் அடிப்பவரிடம் இந்தப் படத்தோடு எக்ஸ்ரேயையும் காட்டுங்கள். முன்விரலைக் குறைத்து, லாடத்தின் முனையைச் சற்றுப் பின்னால் தள்ளி, விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் வெட்டித் திருத்தக் கூடாது. இரண்டு மூன்று சுற்றில் செய்ய வேண்டும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றுங்கள். "இன்னும் தேயலையே" என்று எட்டு வாரம் ஓட்டுவதுதான் நம்மூர் வழக்கம். லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகு, வலி பெட்லாக் மூட்டில்தான், சில்லு இல்லை, சவ்வு அழற்சிதான் என்று உறுதியானால் ஊசிக்கு இடமுண்டு. நான் ஊசிக்கு எதிரியல்ல. அழற்சியை நெடுநாள் விட்டுவைப்பதும் குருத்தெலும்பைக் கெடுக்கும்.

அசைவு அதிகமுள்ள பெட்லாக் போன்ற மூட்டுக்கு ட்ரையம்சினலோன் அசிட்டோனைடுதான் சரியான ஸ்டீராய்டு. மூட்டுக்கு 6 முதல் 9 மி.கி., அதோடு ஹயலூரானிக் அமிலம் 20 மி.கி. ஒரே நாளில் எல்லா மூட்டுக்கும் சேர்த்து 18 மி.கி.யைத் தாண்டாமலிருப்பது நெடுங்கால எச்சரிக்கை அளவு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் மனிதர்களுக்கான குப்பி, மி.லி.க்கு 10 மி.கி. என்றும் 40 மி.கி. என்றும் இரண்டு வலிமையில் வரும். 40 மி.கி. குப்பியில் 9 மி.கி. என்பது கால் மி.லி.கூட இல்லை. "ஒரு மி.லி. போடு" என்று கைப்பழக்கத்தில் போட்டால் உச்ச அளவில் இருமடங்குக்கு மேல் போய்விடும். அளவு கூடினால் லேமினைட்டிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) பயம்; குறிப்பாகக் கழுத்து மேட்டில் கொழுப்பு படிந்த, இன்சுலின் கோளாறுள்ள குதிரைகளுக்கும், ஹார்மோன் கோளாறால் முடி உதிராமல் நீளும் வயதான குதிரைகளுக்கும். இன்னொரு ஸ்டீராய்டான மெத்தில்பிரெட்னிசலோன் மலிவு, பலனும் நீடிக்கும். ஆனால் குருத்தெலும்புக்கு நல்லதல்ல. அதைப் பின்கால் நடுமூட்டான ஹாக்கின் அடித்தட்டு மூட்டுகள் போல அசைவு குறைந்தவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெட்லாக்கில் போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

போடும் முறையை நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். லாயத்துத் தூசியில், ஈ மொய்க்கும் இடத்தில் கூடாது. மயக்க மருந்து கொடுத்து, காலில் சேறு போகக் கழுவி, குளோர்ஹெக்சிடினால் குறைந்தது ஐந்து நிமிடம் தேய்த்து, ஸ்பிரிட் துடைத்து, கிருமிநீக்கிய கையுறை மாட்டி, புதிதாகத் திறந்த குப்பி, புது ஊசி. ஊசி உள்ளே போனதும் வழியும் நீரைப் பாருங்கள். நல்ல மூட்டு நீர் வெளிர் மஞ்சளாகத் தெளிந்து, விரல்களுக்கு நடுவில் இழுத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நூலாக நீளும். தண்ணீர் போல ஓடினால் அழற்சி. கலங்கியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நீரை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். ஸ்டீராய்டு உள்ளே போகக் கூடாது. மூட்டின் மேல்தோலில் புண், சிரங்கு இருந்தாலும் அன்று ஊசி இல்லை. தடுப்பூசிச் சீட்டில் டெட்டனஸ் தேதியையும் பார்த்துவிடுங்கள், குதிரைக்கு அது எளிதில் தொற்றும்.

ஊசிக்குப் பின் ஒரு நாள் காலில் கட்டுப் போட்டு லாயத்தில் ஓய்வு. அடுத்த இரண்டு மூன்று நாள் கையில் பிடித்துப் பத்துப் பதினைந்து நிமிட நடை. ஒரு வாரத்தில் லேசான சவாரி. இரண்டு வாரம் வரை தாண்டல் இல்லை. மறுநாள் மூட்டு சற்று வீங்கிச் சூடாகி, இரண்டு மூன்று நாளில் வடிந்தால் அது மருந்து எரிச்சலாக இருக்கலாம். காலை ஊன்றவே முடியாமல் நின்றால், காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நாளாக நாளாகக் கூடினால், அது மூட்டில் கிருமி. ஸ்டீராய்டு அதன் அடையாளங்களைச் சில நாள் மூடி மறைக்கவும் செய்யும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூட்டு நீரில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 30,000ஐத் தாண்டியும் புரதம் டெசிலிட்டருக்கு 4 கிராமைத் தாண்டியும் இருந்தால் கிருமி என்றே வைத்து, அன்றே மூட்டைக் கழுவ வேண்டும். ஒரு நாள் தாமதம் குதிரையின் சவாரி வாழ்க்கையையே முடித்துவிடும். பெட்லாக் அருகே முள் குத்திய சின்னக் காயத்துக்கும் இதே அவசரம்தான்.

ஊசியின் பலன் சில வாரத்திலிருந்து சில மாதம் வரை. ஆறு மாதத்துக்குள் மறுபடி கேட்டால் ஊசியின் மீது குற்றமில்லை. நோயை மறுபடி தேட வேண்டும், அல்லது தாண்டும் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

பியூட்டை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதற்கு மருந்தியல் ஒரு காரணம், விதி ஒரு காரணம். ஃபினைல்பியூட்டசோன் சரியாகக் கொடுத்தால் நல்ல மருந்து: முதல் நாள் கிலோவுக்கு 4.4 மி.கி. இரண்டு வேளை, பிறகு 2.2 மி.கி. இரண்டு வேளை, சில நாளுக்கு மட்டும், மருத்துவர் சொன்னபடி. அளவு மீறினாலோ நாள்பட்டாலோ இரைப்பைப் புண், பெருங்குடல் புண். கோவை வெயிலில் வியர்த்து நீர் வற்றிய குதிரைக்குச் சிறுநீரகக் கேடு. போட்டியன்று காலையில் கொடுத்தால் வலி தெரியாத காலை மகள் நாற்பது தடவை தடையில் ஏவுகிறாள் என்று அர்த்தம். மேலும் அனைத்துலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. விதிப்படி போட்டி நேரத்தில் அது உடம்பில் இருக்கக் கூடாது. அந்தக் கூட்டமைப்பு வெளியிட்ட கண்டறியும் காலம் 7 நாள். அது சோதனையில் தென்படும் காலம்தான், "எட்டாம் நாள் பத்திரம்" என்ற உத்தரவாதம் அல்ல. மேலே சில நாள் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மூட்டு ஊசிக்கும் தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. போட்டி அமைப்பின் நடப்பு விதியைப் பார்த்து மருத்துவரோடு தேதி குறியுங்கள். இரண்டு வலி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

சைஸ் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மருந்துப் பெட்டிச் சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் கடை டைக்ளோஃபினாக் எக்காரணத்துக்கும் வேண்டாம். கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல் தடை செய்யப்பட்டன. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்னும் பாறுக் கழுகு சிறுநீரகம் செயலிழந்து சாகும், உங்கள் ஊருக்கு வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். மாற்றாக மெலாக்சிகம், கிலோவுக்கு 0.6 மி.கி., நாளுக்கு ஒரு வேளை, கால்நடை மருத்துவர் எழுதினால்.

பொடி விஷயம் சுருக்கமாக. குளுகோசமைன் வாய்வழி கொடுத்தால் குதிரையின் ரத்தத்துக்குள் போய்ச் சேர்வது மிகச் சொற்பம், மூட்டுக்குள் அதைவிடச் சொற்பம். தீங்கில்லை, பலனுக்கும் உறுதியில்லை. அந்தப் பணத்தை எக்ஸ்ரேக்குக் கொடுங்கள். தசையில் போடும் பாலிசல்ஃபேட்டட் கிளைக்கோசமினோகிளைக்கன் என்ற மருந்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது: 500 மி.கி., நான்கு நாளுக்கு ஒருமுறை, ஏழு ஊசி. இங்கே எளிதில் கிடைக்காது, விலையும் அதிகம். தொடக்கநிலை அழற்சிக்குக் கிடைத்தால் யோசிக்கலாம்.

மருத்துவர் பார்க்கும்வரை முழு ஓய்வு என்று லாயத்தில் அடைத்துவிடாதீர்கள். சஸ்பென்சரியில் வலியில்லை, நொண்டல் நடையில் தெரியவில்லை என்றால், பகலில் நாலைந்து மணி நேரம் சிறு திடலில் திறந்துவிடுங்கள். சவாரியில் முதல் பதினைந்து நிமிடம் நீண்ட கடிவாளத்தில் நடை. பிறகு நேர்க்கோட்டிலும் 20 மீட்டர் வட்டத்திலும் டிராட். லஞ்சில் (நீளக் கயிற்றில் பிடித்து) சின்ன வட்டம் சுற்றவிடுவது இந்த மூட்டுக்கு மிகக் கெட்டது. விறைப்பை எடுக்க என்று அதைத்தான் பலரும் செய்கிறார்கள். தாண்டல் இல்லை. திடல் செம்மண் இறுகிக் கிடந்தால் சவாரிக்கு முன் தண்ணீர் தெளித்துக் கிளறிவிடுங்கள். குளம்பு முழுக்கப் புதையும் ஆழ்மணலும் வேண்டாம், அது மூட்டை விட்டுத் தசைநாணைப் பிடிக்கும். வேலை முடிந்ததும் பெட்லாக்கைச் சுற்றி ஐஸ் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம். பின்னாளில் தாண்டலுக்குத் திரும்பும்போது வாரம் இரண்டு நாள், நாளுக்கு இருபத்தைந்து தாண்டலுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. கோச் குறைவு என்பார். குதிரைக்குத் தாண்டத் தெரியும். பயிற்சி வேண்டியது பெரும்பாலும் ஓட்டுகிறவருக்கு. அதைத் தரையில் கிடத்திய கம்பிகளை வைத்தே செய்யலாம்.

அடுத்த கடிதத்தோடு மேலே சொன்ன வீடியோக்கள், குளம்பின் பக்கவாட்டுப் படம், ஒரு நாள் தீவனத்தைத் தராசில் நிறுத்த அளவு, கடைசியாக லாடம் அடித்த தேதி ஆகியவற்றை அனுப்புங்கள். எக்ஸ்ரே பிலிமைச் செல்போனில் படமெடுத்து அனுப்ப வேண்டாம். எடுத்த இடத்தில் கேட்டு டைகாம் (எக்ஸ்ரேயின் மூல டிஜிட்டல் வடிவம்) கோப்பாகவே வாங்கி அனுப்புங்கள்.